புகைப்பட உருப்பெருக்கியின் ஒளிமூலம்

புகைப்பட உருப்பெருக்கி என்பது, எதிர்மறைப் படத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, அதன் பெரிய உருவத்தை ஒளியுணர் தாளில் விழச்செய்யும் இருட்டறைக் கருவியாகும். இதன் பெட்டியையும் தாங்கியையும் மரத்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். வில்லைக்குப் பழைய கேமரா போதும். ஆனால் எந்த விளக்கைப் பொருத்துவது என்பது எளிய கேள்வியன்று. இக்கருவியின் வரலாற்றில் விளக்கைத் தீர்மானித்தது பெரும்பாலும் தாளே.

சூரிய ஒளிக் காலம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஓவியர் டேவிட் அச்செசன் வுட்வர்ட், 1857 இல் சூரிய ஒளியால் இயங்கும் உருப்பெருக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத் தாள்களின் ஒளியுணர்வு மிகக் குறைவு. எனவே வெயிலைத் தவிர வேறு ஒளி போதவில்லை. ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஒளி பாய்ச்ச வேண்டியிருந்தது. சூரியன் நகர நகரக் கருவியையும் திருப்ப வேண்டும். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும்.

மின்விளக்கின் வருகை

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய வெள்ளி புரோமைடுத் தாள்கள் இந்நிலையை மாற்றின. அவற்றுக்குச் சிறிது நேர ஒளியே போதும். மீதியை உருத்துலக்கும் கரைசல் செய்துவிடும். இதனால் எரிவாயு விளக்கும், பின்னர் மின்விளக்கும் பயனுக்கு வந்தன. 1925 இல் 24×36 மி.மீ. படம் எடுக்கும் லைக்கா கேமரா அறிமுகமானது. அத்தகைய சிறு படங்களைப் பெரிதாக்காமல் பார்க்க இயலாததால், உருப்பெருக்கி பலருக்கும் தேவையாயிற்று.

தெளிந்த கண்ணாடிக் குமிழில் இழையின் வடிவம் தாளில் ஏற்றத்தாழ்வான ஒளியாக விழும். ஆகவே பால்நிறக் குமிழ்கள் பயன்பட்டன. ஆனால் இழைவிளக்கின் ஆற்றலில் பெரும்பகுதி சிவப்பும் வெப்பமுமாகவே வெளிப்படுகிறது. கருப்பு வெள்ளைத் தாளோ நீலத்தையும் பச்சையையும் மட்டுமே உணரும். தாளுக்குப் பயன்படாத அந்த வெப்பம் படச்சுருளை வளைத்து, குவியத்தைக் கெடுத்தது.

குவிந்த ஒளியும் பரவிய ஒளியும்

ஒளி எவ்வாறு விழுகிறது என்பதும் முக்கியம். ஒரே திசையில் வரும் ஒளியை எதிர்மறையிலுள்ள வெள்ளித் துகள்கள் சிதறடிக்கின்றன. அடர்ந்த பகுதிகளில் இந்த இழப்பு அதிகம். இதனால் குவிப்பு வில்லை வைத்த கருவியில் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான மாறுபாடு கூடும்; கீறலும் தூசியும் தெளிவாகத் தெரியும். 1909 இல் ஆந்த்ரே காலியே ஆராய்ந்த இவ்விளைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பால் கண்ணாடி வழியே பரவும் ஒளி, மாறுபாட்டைச் சற்றுக் குறைத்துக் கீறல்களை மறைக்கும்.

குளிர் விளக்கும் பல்தரத் தாளும்

பாதரச ஆவிக் குழாய்களாலான குளிர் விளக்குகள் வெப்பச் சிக்கலைத் தீர்த்தன. அவற்றின் நீல ஒளி சாதாரணத் தாளுக்கு ஏற்றது. ஆனால் இல்ஃபோர்ட் நிறுவனம் 1940 இல் வெளியிட்ட மல்டிகிரேடு வகைத் தாளில், நீலம் மிகுந்த மாறுபாட்டையும் பச்சை குறைந்த மாறுபாட்டையும் தருகின்றன. பச்சை குறைந்த பழைய குழாய்களால் இதில் மென்மையான படம் பெறுவது கடினமாயிற்று. தாள் மாறியதும் நல்ல விளக்கே குறையுடையதாகிவிட்டது.

ஒளியுமிழ் இருமுனையம்

1993 இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சூஜி நாகமுரா உருவாக்கிய பிரகாசமான நீல எல்இடி புதிய வழியைத் திறந்தது. நீலம், பச்சை எல்இடிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைத்தால், வடிகட்டி இல்லாமலே மாறுபாட்டை மாற்றலாம். படச்சுருளும் அதிகம் சூடாவதில்லை. வீட்டில் கருவி செய்வோர் இதை விரும்புவதற்கு இதுவே காரணம். சிஎஃப்எல் குமிழ் இப்பணிக்குப் பொருந்தாது; அது முழு ஒளி பெறச் சிறிது நேரமாகும், அணைத்த பின்னும் மங்கலாக ஒளிரலாம்.

எந்த விளக்கானாலும் ஓர் எளிய சோதனை உண்டு. எதிர்மறை இல்லாமல், தாள் சாம்பல் நிறமாகும் அளவு மட்டும் ஒளி பாய்ச்சி உருத்துலக்க வேண்டும். நடுவும் நான்கு மூலைகளும் ஒரே நிறமாக இருந்தால் ஒளி சீராக விழுகிறது எனக் கொள்ளலாம்.