ஓய்வுநாள் பானையும் திருவிருந்துத் திராட்சையும்

ஒரு பை உறைந்த இறைச்சி உருண்டை, ஒரு போத்தல் திராட்சை ஜெல்லி, ஒரு போத்தல் சில்லி சாஸ். மூன்றையும் ஸ்லோ குக்கரில் கொட்டி மூடித் திருகைத் திருப்பிவிட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் ஜெல்லி உருகிச் சாஸோடு கலந்து, உருண்டைகளின் மேல் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். பல்குச்சியால் குத்தி எடுத்து வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, கடைசியில் உப்பும் கறியும். கிறிஸ்துமஸ் கூடுகை, கால்பந்து இறுதியாட்ட இரவு, அலுவலக விருந்து என்று அமெரிக்கர்கள் கூடும் இடங்களில் இந்தப் பானை ஒரு மூலையில் சூடாகக் காத்திருக்கும். சில்லி சாஸ் என்றதும் காரத்தை எண்ண வேண்டாம். தக்காளி, வெங்காயம், வினிகர், சர்க்கரை சேர்ந்த அமெரிக்கச் சாஸ் அது; பெயரில்தான் மிளகாய் தூக்கலாக இருக்கும்.

பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறிச் சமையல். ஆனால் இந்தப் பானையும் இதில் உருகும் ஜெல்லியும் சோம்பலில் பிறந்தவை அல்ல. இரண்டு வெவ்வேறு மதக் கட்டுப்பாடுகளை மனிதர்கள் மீறாமல் காக்க முயன்றபோது பிறந்தவை. ஒன்று யூதர்களின் ஓய்வுநாள். மற்றொன்று மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களின் மதுவிலக்கு.

ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது என்பது யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. வெள்ளி அந்தியில் தொடங்கிச் சனி இருட்டும் வரை அடுப்பு பற்றவைக்க வழியில்லை. அப்படியானால் சனிக்கிழமை மதியம் பழையதும் ஆறியதும்தானா? இந்தக் கேள்வியில் யூத உலகமே ஒருமுறை பிளவுபட்டது. வேதத்தின் எழுத்தை மட்டும் ஏற்ற கராயர்கள், ஓய்வுநாளில் வீட்டில் எந்த நெருப்பும் இருக்கக்கூடாது என்றார்கள். ரபிகள் எனும் யூத மதகுருக்களின் மரபோ, மூட்டுவதற்குத்தான் தடை, முன்பே மூட்டியது தானாகக் கனலலாம் என்றது. அதனால் சனி மதியம் ஆவி பறக்கச் சாப்பிடுவது, ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை ஊருக்குச் சொல்லும் அடையாளமாயிற்று.

அந்தச் சூட்டுக்காக உருவானதே சோலன்ட். அவரை, பார்லி, எலும்போடு சேர்ந்த முரட்டுக் கறி, பின்னாளில் உருளைக்கிழங்கு. இரவெல்லாம் வேகத் தாங்கும் பொருள்கள் இவை. பிரான்சில் தன் ஆசிரியர் வீட்டில் இந்த உணவைக் கண்டதை வியன்னாவின் ரபி ஐசக் பதிவுசெய்திருக்கிறார். 800 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிச் ஹைனே, யூத மதத்தை விட்டு வெளியேறிய பிறகும், 1851-ல் வெளிவந்த தன் தொகுப்பில் ஓய்வுநாளைப் பற்றிய கவிதையில் இந்தச் சாப்பாட்டை வாயாரப் புகழ்ந்தார். மதம் விட்டுப்போனாலும் நாக்கு விடவில்லை.

கிழக்கு ஐரோப்பாவில் எல்லா வீட்டிலும் இரவு முழுக்கச் சூடு தாங்கும் அடுப்பு கிடையாது. வில்னா போன்ற ஊர்களில் வெள்ளி மதியம் பெண்கள் மூடி போட்ட பானையோடு ரொட்டிக்கடைக்குப் போவார்கள். அந்த வாரத்து ரொட்டி சுட்டு முடிந்த பெரிய அடுப்பில் பானைகள் வரிசையாக அடங்கும். அடுப்பு மெல்ல ஆற ஆற, உள்ளே பானை மெல்ல வேகும். மறுநாள் தொழுகை முடிந்து வரும்போது எடுத்துக்கொள்ளலாம். சமைத்தவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடந்து முடியும் சமையல்.

இந்தக் காட்சியை வில்னாவில் சிறுமியாகப் பார்த்த தமாரா, அமெரிக்காவுக்குக் குடியேறிய பின் தன் மகனுக்குச் சொன்னார். மகன் இர்விங் நாகும்சோன் அஞ்சல்வழியில் மின்பொறியியல் படித்தவர். சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். ஓடும் எழுத்துகளில் செய்தி காட்டும் மின்பலகை உட்பட ஓயாமல் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். ஆறும் ரொட்டி அடுப்பின் வேலையை ஒரு மின்கருவி செய்யுமா என்று யோசித்தார். உள்ளே ஒரு பானை, வெளியே ஒரு உறை, இரண்டுக்கும் நடுவே பானையைச் சூழ்ந்த வெப்பக் கம்பி. சாதாரணச் சமையலடுப்பின் சூடு அடியிலிருந்து தாக்கும். இதில் சுற்றிலுமிருந்து இதமாக ஏறும். 1936-ல் விண்ணப்பித்தார், 1940 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானிய ஒலி தொனித்த தன் பெயரை நாக்ஸன் என்று சுருக்கிக்கொண்டார். பானை 'நாக்ஸன் பீனரி' என்ற பெயரில், அதாவது அவரை வேகவைக்கும் பானையாக, சில காலம் அமைதியாக விற்றது.

1970-ல் கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் நாக்ஸனின் தொழிலை வாங்கியது. பழம் பிழியும் கருவிக்கும் டப்பா திறக்கும் கருவிக்கும் பேர்போன நிறுவனம் அது. வாங்கிய சரக்கில் ஒதுக்குப்புறமாகக் கிடந்த இந்த அவரைப் பானையைச் சோதனைச் சமையலறையில் வைத்துப் பார்த்தவர்கள், கறி முதல் கேக் வரை எதையும் அது ஏற்கும் என்று கண்டார்கள். 1971-ல் சிகாகோ வீட்டுப் பொருள் கண்காட்சியில் 'க்ராக்-பாட்' என்ற புதுப் பெயரோடு வைத்தார்கள். அந்த ஆண்டு விற்பனை 20 லட்சம் டாலர். 1975-ல் 9 கோடியே 30 லட்சம் டாலர்.

நான்கே ஆண்டில் இப்படி ஏறியதற்கு விளம்பரம் மட்டும் காரணமாக முடியாது. 1970-ல் அமெரிக்கப் பெண்களில் 43 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள். 1980-ல் பாதிக்கு மேல். காலையில் கறியைப் போட்டு மூடிவிட்டு அலுவலகம் போனால், மாலையில் சாப்பாடு தயார். சமைப்பவர் வெளியே இருக்க, நாளெல்லாம் தானே சமைக்கும் பானை என்றுதான் ரைவலும் விளம்பரம் செய்தது. வில்னாவின் பெண்கள் தொழுகைக்காக அடுப்பை விட்டு விலகினார்கள்; இவர்கள் சம்பளத்துக்காக. இருவருக்கும் வேண்டியது ஒரே பானை. 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் கைகொடுத்தது, ஏனெனில் இது மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். 1974-ல் உள்பானை தனியே கழற்றிக் கழுவும்படி வந்தது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியைப் போலக் கனத்த, பளபளப்புப் பூசிய மண்பாண்டம் அது. 1975-ல் மேபல் ஹாஃப்மன் எழுதிய ஸ்லோ குக்கர் சமையல் புத்தகம் பல லட்சம் பிரதிகள் விற்றது.

இனி ஜெல்லியின் கதை. மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரில் எஃப்ராயிம் புல் என்பவர், குளிருக்கு முன்பே பழுக்கும் திராட்சை ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பார்த்து, 1849-ல் கருநீலக் கான்கார்டு திராட்சையைக் கண்டடைந்தார். நாடெங்கும் நாற்றுக்காரர்கள் அதைப் பெருக்கி விற்றார்கள்; புல்லுக்கு வந்தது சொற்பம். தான் விதைத்ததைப் பிறர் அறுத்தார்கள் என்று அவருடைய கல்லறைக் கல் சொல்கிறது. கொஞ்சமும் மிகையில்லாத வாசகம்.

அறுத்தவர்களில் முக்கியமானவர் நியூஜெர்சி வைன்லாந்தின் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச். தீவிர மெதடிஸ்ட், மதுவை வெறுத்தவர். ஆனால் தேவாலயத் திருவிருந்தில் கிண்ணத்தில் இருந்ததோ திராட்சை மது. சாறு தானாகப் புளித்து மதுவாகாமல் தடுப்பது எப்படி? பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் காட்டிய வழியில், 1869-ல் கான்கார்டு சாற்றைப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் சூடாக்கி, புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைச் செயலிழக்கச் செய்தார். புளிக்காத மது என்று அதற்குப் பெயர் வைத்தார். தேவாலயங்கள் முதலில் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அவரே கைவிட்டார். மகன் சார்லஸ் விடவில்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சாற்றைச் சுவைக்கக் கொடுத்து, பக்திப் பொருளாக இருந்ததை வீட்டுப் பானமாக்கினார். 1918-ல் நிறுவனம் செய்த திராட்சை ஜாமை அமெரிக்க ராணுவம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அந்தச் சுவை பழகிவிட்டிருந்தது. 1923-ல் திராட்சை ஜெல்லி வந்தது.

இதே கான்கார்டு திராட்சை நியூயார்க் யூதர்களிடமும் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து செய்த மது மிகவும் புளிப்பாக இருந்ததால் சர்க்கரை சேர்த்தார்கள்; வெள்ளி இரவு ஆசீர்வாதக் கிண்ணத்தில் அந்த இனிப்பு மதுவே நிறைந்தது. மெதடிஸ்ட் மதுவாகாமல் காத்த பழம், யூதர் வீட்டில் மதுவாகவே புனிதம் பெற்றது.

ஜெல்லியும் சில்லி சாஸும் கறி உருண்டையோடு சேர்ந்த பதார்த்தம் 1960-களில் விருந்துகளில் பிரபலமாயிற்று. சேர்க்கை புதிதுபோல் தோன்றினாலும் நாவுக்குப் புதிதல்ல. 1226-ல் பாக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலிலேயே வினிகரும் இனிப்பும் சேர்ந்த இறைச்சிக் குழம்பு இருக்கிறது. அமெரிக்கர்களுக்கு அதைக் காட்டியவை, சீன உணவகங்களின் இனிப்புப் புளிப்புப் பன்றிக்கறியும், யூத அடுக்களைகளின் புளியினிப்புக் கோஸ் சுருளும். தொடக்கத்தில் இந்த உருண்டைகளை, அடியில் சிறு சுடர் எரியும் உலோகத் தட்டில் சூடாக வைத்துப் பரிமாறினார்கள். அடிபிடிக்கும், சுடர் அணையும், யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1970-களில் அந்த இடத்தைப் பானை பிடித்தது.

சமையல் கணக்குப்படி பார்த்தால் உருண்டைக்கு இந்தப் பானை அவசியமே இல்லை. முரட்டுக் கறியின் இணைப்புத் திசு கரைந்து பசையாக நெடுநேரம் வேண்டும். கொத்துக்கறியில் அந்த வேலையைக் கத்தி முன்பே முடித்துவிட்டது. நாளெல்லாம் வேகவிட்டால் உருண்டை உதிர்ந்துபோகும். அதனால்தான் முன்பே வறுத்த அல்லது உறைந்த உருண்டையைப் போட்டு, சாறு ஊறும்வரை மட்டும் வைக்கிறார்கள். பிறகு பானை செய்வது சூட்டைக் காப்பது ஒன்றுதான். ரொட்டிக்கடை அடுப்பிடம் வில்னாப் பெண்கள் விடியும் பொழுதில் எதிர்பார்த்ததும் அதையே.

பானை தன் வீட்டுக்கும் திரும்பிவிட்டது. நியமம் தவறாத யூதக் குடும்பங்கள் பல இன்று வெள்ளி மாலை ஸ்லோ குக்கரிலேயே சோலன்ட் ஏற்றுகின்றன. வாரநாள் விருந்தென்றால் அதே பானையில் ஜெல்லி உருண்டையும் வேகும். மறுபக்கம், ஞாயிறு ஆராதனை முடிந்து மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் வீட்டுக்கு ஒரு பதார்த்தமாகக் கொண்டுவந்து பகிரும் விருந்திலும் நீண்ட மேசையில் பானைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் அவரை, ஒன்றில் கோழி, ஒன்றில் கருஞ்சிவப்பு உருண்டை. பாட்டு முடியும்வரை அவற்றின் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.