கொரோனா நோயாளியின் குடல்: எந்தச் சேதம் வைரஸுடையது?

2020 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முதல் கொரோனா நோயாளியாக உறுதிசெய்யப்பட்ட 35 வயது ஆணுக்கு இருமலோடு இரண்டு நாளாகக் குமட்டலும் வாந்தியும் இருந்தன. மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் வயிற்றுப்போக்கும் கண்டது. நோயின் ஏழாம் நாளில் எடுத்த மலத்தைப் பரிசோதித்தபோது அதில் வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தது. ஆகவே இந்த நோயில் குடலுக்குப் பங்குண்டு என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்திதான். தெளிவில்லாமல் போனது வேறொன்று. சாதாரண வயிற்றுப்போக்கையும், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் குடல் அழுகுவதையும், சிகிச்சையால் வரும் கேடுகளையும் 'குடல்சார் சிக்கல்கள்' என்ற ஒரே தலைப்பில் சேர்த்து எண்ணினார்கள். இவை மூன்றும் வெவ்வேறு நோய்வழிகள் என்பதும், சேர்த்து எண்ணியதால் கவனம் தவறான இடத்தில் குவிந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எண்ணிக்கைகள். சீனாவின் 1,099 நோயாளிகளைப் பற்றி 2020இல் வந்த பெரிய அறிக்கையில் வயிற்றுப்போக்கு 3.8 விழுக்காடு, குமட்டல் அல்லது வாந்தி 5 விழுக்காடு. அதே காலத்தில் ஹூபேய் மாகாணத்தின் 204 நோயாளிகளை ஆராய்ந்த இன்னொரு குழு, பாதிப்பேருக்குச் செரிமான மண்டல அறிகுறி உண்டு என்றது. வைரஸ் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த இடைவெளி? இரண்டாவது குழு பசியின்மையையும் கணக்கில் சேர்த்திருந்தது. அதை நீக்கினால் எண்ணிக்கை 20 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பசிக்காததைக் குடல்நோயாகக் கொள்வது மிகை. மருந்துகளும் கணக்கைக் குழப்பின. அன்று கைக்கு வந்ததையெல்லாம் கொடுத்தார்கள். லோபினாவிர்–ரிட்டோனாவிர் கூட்டு மருந்தைப் பெற்றவர்களில் சுமார் 14 விழுக்காட்டினர் பக்கவிளைவு தாங்காமல் பாதியில் நிறுத்தினர். அந்த மருந்தின் முதன்மையான தொல்லையே வயிற்றில்தான். அசித்ரோமைசினும் வயிற்றைக் கலக்கக்கூடியதே. மருந்துக்கு முன்பா பின்பா என்று குறிக்காத வயிற்றுப்போக்குக் கணக்கு பாதிக் கணக்குதான்.

குறைத்து எண்ணியதும் நடந்தது. அதன் விலை கூடுதல். காய்ச்சலும் இருமலும் இருந்தால்தான் பரிசோதனை என்று விதித்த பிறகு, வயிற்றுப்போக்கோடு மட்டும் வந்தவர் கணக்கிலேயே வரவில்லை. வூஹானில் இலேசான நோய் கொண்ட 206 பேரில் 48 பேருக்குச் செரிமான அறிகுறி மட்டுமே இருந்தது. செரிமான அறிகுறி உள்ளவர்கள் மருத்துவமனைக்கு வரச் சராசரியாக 16 நாள் ஆனது. சுவாச அறிகுறி மட்டும் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 12 நாள். அந்த இடைவெளியில் அவர்கள் வீட்டாரோடு ஒரே கூரையின்கீழ் இருந்திருப்பார்கள்.

வைரஸ் குடலுக்குள் புகுவது உண்மை. அது பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பி, நுரையீரலைவிடச் சிறுகுடலின் உறிஞ்சு செல்களில்தான் செறிவாக உள்ளது. மனிதக் குடல் திசுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த ஆர்கனாய்டுகளில் வைரஸ் பெருகுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020லேயே காட்டினர். இந்த ஏற்பிக்குக் குடலில் இன்னொரு வேலையும் உண்டு: டிரிப்டோபன் போன்ற அமினோ அமிலங்களை உள்ளே கடத்தும் புரதத்தை நிலைநிறுத்துவது. அது குறைந்தால் குடலின் எதிர்ப்புப் புரதங்கள் குறையும், நுண்ணுயிர்ச் சமநிலை குலையும் என்பது எலிகளில் 2012லேயே தெரிந்தது. கொரோனா வயிற்றுப்போக்கை இதைக்கொண்டு விளக்குவது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் பெரும்பாலோருக்கு அது சில நாள்களில் தானே அடங்கிவிடுகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை.

மலத்தின் வழியாகப் பரவுமா என்ற அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வயிற்றுப்போக்கு. தரைவடிகாலில் நீர் வற்றிய வளைகுழாய்கள் வழியாகக் கழிவுத் துளிகள் வீடுகளுக்குள் ஏறின. புதிய வைரஸின் ஆர்.என்.ஏ.யும் பாதியளவு நோயாளிகளின் மலத்தில் கிடைத்தது. சிலருக்குச் சளி மாதிரி 'நெகட்டிவ்' ஆன பிறகும் நீடித்தது. ஆனால் மியூனிக் நகரின் முதல் ஒன்பது நோயாளிகளை நுணுகி ஆராய்ந்தவர்களால் மலத்திலிருந்து உயிருள்ள வைரஸை வளர்க்க முடியவில்லை. சீனாவில் ஓரிரு நோயாளிகளிடம் அது வளர்ந்ததாகச் செய்தி உண்டு. அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது. பெருங்குடலின் நீர்மத்தில் வைரஸ் விரைவில் செயலிழப்பதை ஆய்வகச் சோதனை காட்டுகிறது. மலத்தில் உள்ள ஆர்.என்.ஏ. கழிவுநீரைக் கொண்டு ஊரின் தொற்றளவை அறிய உதவியது. தொற்றின் முதன்மை வழியாக மலம் ஆகவில்லை.

உயிரைப் பறித்த சிக்கல்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்தன. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கடும் சுவாசத் திணறலில் இருந்த 92 கொரோனா நோயாளிகளை, பிற காரணங்களால் அதே நிலையில் இருந்த 92 பேரோடு ஒப்பிட்டனர். குடல், ஈரல்சார் சிக்கல்கள் கொரோனா நோயாளிகளில் 74 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் வந்தன. குடல் அசைவு அறவே நின்றுபோவது கொரோனா நோயாளிகளில் 48 விழுக்காடு, மற்றவர்களில் 22. குடலுக்கு ரத்தம் தடைபடுவது ஒரு பக்கம் 4 விழுக்காடு, மறுபக்கம் ஒருவருக்கும் இல்லை.

அதே மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். ரத்தம் அற்ற குடல் கருநீலமாகவோ கறுத்தோ இருக்கும் என்பதே பாடம். இங்கே சிலருக்குக் குடல் திட்டுத்திட்டாக மஞ்சள் நிறத்தில் இருந்தது. வெட்டியெடுத்த பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தபோது சுவர் நசிந்திருந்தது. அதன் அடியில் நுண்தமனிகளுக்குள் ஃபைப்ரின் உறைகட்டிகள் அடைத்திருந்தன. பெரிய தமனியில் கட்டியைத் தேடும் ஸ்கேனில் இது அகப்படாமல் போகலாம். குடல் சுவருக்குள் காற்று, கல்லீரல் போர்ட்டல் சிரையில் வாயு ஆகிய அடையாளங்கள் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: தீவிர சிகிச்சையில் நெடுநாள் கிடக்கும் எவருக்கும் மயக்க மருந்தாலும் குறை ரத்த அழுத்தத்தாலும் குடல் சோரும், இதில் கொரோனாவுக்கென்று என்ன தனித்தன்மை? குடல் அசைவு நிற்பதைப் பொறுத்தவரை இவ்வாதம் பெரிதும் சரி. ஒப்பீட்டுக் குழுவிலும் 22 விழுக்காட்டினருக்கு அது வந்ததே. ஒரே மருத்துவமனையின் 92 பேரை வைத்து உலகத்துக்கு விதி எழுதவும் முடியாது. ஆனால் நுண்தமனி உறைவை அவ்வாறு தள்ள இயலாது. நுரையீரலில் பிணப்பரிசோதனை காட்டியதும் அதே ரத்தக்குழாய் நோய்தான். வைரஸ் இங்கே குற்றவாளியே. ஆனால் அது குடல் செல்லின் வழியாக வரவில்லை, ரத்தக்குழாயின் வழியாக வந்தது. வயிற்றுப்போக்கு வந்தவருக்குக் குடல் அழுகும் என்று அஞ்ச இதில் காரணமில்லை. வயிற்றுப்போக்கே இல்லாதவர் வென்டிலேட்டரில் தப்பிவிடுவார் என்று நம்பவும் இடமில்லை.

மூன்றாவது வகை நாம் உண்டாக்கியது. உறைவைத் தடுக்க ஹெபாரின் கொடுத்தால் வயிற்றுப்புண் கசிகிறது. கொடுக்காவிட்டால் கட்டி அடைக்கிறது. இந்த இழுபறிக்குப் பொதுவிடை இல்லை. ஸ்டீராய்டின் கதை அத்தனை சிக்கலானதன்று. நாளுக்கு 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள் என்ற அளவு வென்டிலேட்டர் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்க்கு அதில் பயன் தெரியவில்லை. இருந்தும் நம் ஊர்களில் 2021இன் இரண்டாம் அலையில் அது வீட்டில் இருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கறுப்புப் பூஞ்சையைப் பற்றி எல்லோரும் பேசினோம். ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவைப் பற்றிப் பேசியவர் குறைவு. வெறுங்காலில் மண்வழி ஏறி, குடலில் பல்லாண்டு அமைதியாய் வாழும் இப்புழு, ஸ்டீராய்டு பட்டால் கட்டவிழ்ந்து பெருகும். குடல் சுவரைத் துளைத்துக் குடலின் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். இயோசினோஃபில் என்ற வெள்ளணு உயராததால் புழு இல்லை என்று முடிவுகட்டவும் வழியில்லை. ஸ்டீராய்டே அந்த அணுக்களைக் குறைத்துவிடும். வயலில் வேலைசெய்பவருக்கு ஸ்டீராய்டு எழுதும்போது ஐவர்மெக்டினையும் எண்ணிப்பார்க்கலாம். அந்த மருந்துக்குக் கொரோனா வைரஸ்மேல் பயனில்லை என்றாலும் இந்தப் புழுமேல் உண்டு.

குழந்தைகள் தனி. தொற்று நீங்கிச் சில வாரங்களில் வரும் பல்லுறுப்பு அழற்சியில் காய்ச்சலும் கடும் வயிற்றுவலியும் முந்தி நிற்கும். குடல்வால் அழற்சி என்று கருதி அறுவைக்கு அழைத்துச்சென்ற நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. குணமானவர்களில் சிலருக்குச் சிறுகுடல் திசுவில் வைரஸின் தடயம் நான்கு மாதம் வரை நீடித்ததும் நிறுவப்பட்டதே. அதனால் தீங்கு உண்டா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு.

வென்டிலேட்டரில் இருப்பவரின் வயிற்றை நாள்தோறும் ஒருமுறையாவது கைவைத்துப் பார்க்க வேண்டும். மூக்குக் குழாய்வழி கொடுக்கும் கஞ்சி தேங்கி நின்றால், வயிறு உப்பினால், லாக்டேட் காரணமின்றி ஏறினால், மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும். அடுத்த ஆய்வை எழுதுவோர், குடல் அறிகுறி தோன்றிய நாளையும் அன்று ஓடிய மருந்துகளையும் ஆக்சிஜன் நிலையையும் நோயாளிவாரியாகப் பதியட்டும். அவை இல்லாத விழுக்காட்டை இதழ்கள் ஏற்காதிருப்பதே நல்லது.