டிக்கன்ஸின் கடிகாரமும் ஐந்து பவுண்டு சட்டமும்

விலைவாசி ஏறும்போது, கடன்பட்ட குடும்பத்தின் உடைமைகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு போதுமா என்பது இன்றைய கருத்துக்களத்தின் கேள்வி. வட்டியைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் மற்றவர்கள் பேசுவார்கள். நான் வரலாற்றுப் பக்கத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு சிறுவனின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1824ஆம் ஆண்டு, லண்டன் நகரம். 12 வயதுப் பையன் ஒருவன் காலணி மை தயாரிக்கும் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா, ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய சுமார் 40 பவுண்டு கடனைக் கட்ட முடியாமல் மார்ஷல்சீ சிறையில் இருக்கிறார். நொடித்துப் போனவர்களுக்கான சட்டத்தின்கீழ் அவர் விடுதலையாக வேண்டுமானால், குடும்பத்தார் வைத்துக்கொள்ளும் உடுப்புகளும் சொந்தப் பொருள்களும் 20 பவுண்டு மதிப்பைத் தாண்டக் கூடாது. அதனால் பையன் போட்டிருந்த உடுப்பையும் மதிப்பீட்டு அதிகாரி பார்த்தாக வேண்டும். அவன் பையில் பாட்டி கொடுத்த பழைய வெள்ளிக் கடிகாரம் ஒன்று இருந்தது. அந்தக் கடிகாரமே கணக்கை 20 பவுண்டுக்கு மேல் ஏற்றிவிடுமோ என்று பயந்தபடி அவன் போய் நின்றான். அதிகாரி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ்தான் அந்தப் பையன்.

கடன் வாங்கியவர் அப்பா. பயந்து நின்றது பிள்ளை. ஜப்தி என்பது கடன் வாங்கியவரோடு நிற்பதில்லை, வீட்டிலுள்ள எல்லாரையும் தொடுகிறது. உலகம் இதை வெகு காலத்திற்கு முன்பே உணர்ந்திருக்கிறது. மாவு அரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்று பைபிளின் உபாகமம் விதிக்கிறது. கல் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த விதியில் கல்லின் விலை குறிக்கப்படவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

டிக்கன்ஸ் பயந்து நின்று 21 ஆண்டுகள் கழித்து, 1845இல், இங்கிலாந்தில் சிறு கடன்களுக்கான சட்டம் ஒன்று வந்தது. கடன்பட்டவர், அவர் குடும்பத்தார் ஆகியோரின் உடுப்பு, படுக்கை, தொழில் கருவிகள் ஆகியவற்றை மொத்தம் 5 பவுண்டு மதிப்பு வரை ஜப்தி செய்யக் கூடாது என்றது அது. மறு ஆண்டில் உருவான கவுண்டி நீதிமன்றங்களின் சட்டமும் அதே 5 பவுண்டை எடுத்துக்கொண்டது. 1888இல் வாடகைப் பாக்கிக்காகச் சாமான்களை எடுப்பதற்கும் இந்தப் பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது.

அன்று அது நல்ல சட்டம்தான். ஆனால் விலைவாசி நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1914க்கும் 1920க்கும் இடையில் மட்டும் இங்கிலாந்தில் வாழ்க்கைச் செலவு சுமார் இரண்டரை மடங்காகியது. சட்டத்தில் 5 பவுண்டு 5 பவுண்டாகவே இருந்தது. ஒரு தச்சருடைய கருவிகள் முழுவதையும் காப்பாற்றிய தொகை, பிறகு ஓர் உளிக்கும் ஒரு போர்வைக்கும்தான் போதும் என்ற நிலை வந்தால், சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலே பாதுகாப்பு பறிபோய்விடும். யாரும் வாக்களித்து அதை நீக்க வேண்டியதில்லை.

பின்னர் தொகையை உயர்த்திப் பார்த்தார்கள். 1990இல் அணுகுமுறையையே மாற்றினார்கள். குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்கான உடுப்பு, படுக்கை, தட்டுமுட்டுச் சாமான்கள், உணவுப் பொருள்கள், வேலைக்குத் தேவையான கருவிகள் என்று பொருள்களைச் சொன்னார்கள். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஒரு தொலைபேசி என்று பெயர் குறித்தே பட்டியலிட்டன. தொழில் கருவிகளுக்கு மட்டும் 1,350 பவுண்டு என்ற வரம்பு திரும்பி வந்தது.

இப்போது இந்தியாவைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, ஜப்தி செய்யக் கூடாதவற்றை வரிசைப்படுத்துகிறது. உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், மாடுகள், விதை நெல். இவற்றோடு, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை என்றும் ஒன்று உண்டு. நம் வீடுகளில் அதற்குப் பெயர் தாலி. தங்கம் எவ்வளவு விலை ஏறினாலும் இந்தப் பாதுகாப்பு குறையவில்லை. காரணம், சட்டம் பொருளைச் சொன்னது, விலையைச் சொல்லவில்லை.

அதே பிரிவு சம்பளத்திற்கு வரும்போது தொகையைச் சொல்கிறது. 1976இல் முதல் 400 ரூபாய்க்குப் பாதுகாப்பு என்றிருந்தது. 1999இல் செய்த திருத்தத்தால் 2002 ஜூலை முதல் அது 1,000 ரூபாயானது. மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 10,000 ரூபாய் சம்பளக்காரரிடம் 3,000 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று கணக்கு வருகிறது. இதில் பங்கு விலைவாசியோடு சேர்ந்து வளரும். 1,000 ரூபாய் வளராது. இருபது ஆண்டுகளுக்கு முன் 1,000 ரூபாய்க்கு என்ன வாங்கினோம், இன்று என்ன வாங்குகிறோம் என்பதை ஊரில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள்.

நம் வட்டாரத்துச் சட்டங்களும் அந்த 1845ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்றவைதாம். சிங்கப்பூரின் உச்ச நீதிமன்றச் சட்டத்தில் அதே உடுப்பு, படுக்கை, கருவிகள் 1,000 வெள்ளி வரம்போடு இடம்பெற்றன. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டமும் இவற்றை ஒரு வெள்ளிக் கணக்குக்குள்தான் விட்டுவைக்கிறது. ஆனால் வேறொரு தொகையில் நாம் விழிப்பாக இருந்திருக்கிறோம். ஒருவரைத் திவாலாக்கத் தேவையான குறைந்தபட்சக் கடன் 2003இல் 30,000 வெள்ளி, 2017இல் 50,000 வெள்ளி, 2021இல் 100,000 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. மனமிருந்தால் தொகையைத் திருத்த முடியும் என்பதற்கு இதுவே சான்று.

கடன் கொடுத்தவருக்கு நியாயம் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பித் தருவது கடமை. பாதுகாப்பு அளவுக்கு மீறினால் ஏழைக்குக் கடன் கொடுக்கவே பலர் தயங்குவார்கள், அவர் வட்டி முதலைகளிடம் போய் மாட்டுவார். ஆனால் தையல்காரரின் மெஷினை ஏலம் விட்டால் கிடைப்பது சொற்பம். அந்த மெஷின் அவரிடம் இருந்தால் மாதா மாதம் தவணை வரும். கருவியைக் காப்பாற்றுவது கடன் கொடுத்தவரின் பணத்தையும் காப்பாற்றுவதாகும்.

வரலாறு சொல்லும் பாடம் எளிது. பொருளின் பெயரைச் சொன்ன சட்டம் நிலைத்தது. பங்காகச் சொன்னதும் நிலைத்தது. தொகையாகச் சொன்னது தேய்ந்தது. தொகையாகத்தான் எழுத வேண்டுமென்றால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்பதையும் அதே சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால், பையிலுள்ள பாட்டியின் கடிகாரத்தை நினைத்து இன்னொரு பிள்ளை பயந்து நிற்கும்.