கிடங்கு, குடோன், ரோபோ

"குடோன்" ஆங்கிலச் சொல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நம் "கிடங்கு"தான் கடல் கடந்து மலாய் மொழியில் "குடாங்" ஆகி, வெள்ளைக்காரர் வாயில் புகுந்து, குடோனாக ஊர் திரும்பியது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கிடங்குக்கு "மகஸேன்" என்று பெயர். அது அரபு மொழியிலிருந்து வந்த சொல். ஆக, சரக்கைப் போலவே சொல்லும் கப்பலேறி இருக்கிறது.

எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது பொறியியல் படித்துவிட்டு பெரிய பெரிய வேலைகளுக்குப் போகிறார்கள். அவற்றில் ஒன்று, கிடங்குகளைத் தானியங்கியாக மாற்றும் "பிராஜக்ட் இன்ஜினியர்" வேலை. அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இந்தச் சிறு வரலாறு.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். கிடங்கில் கேள்விகள் மூன்றே: என்ன இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? எங்கே இருக்கிறது? முதல் இரண்டுக்கும் இருப்புப் பதிவேடு பதில் சொல்லும். மூன்றாவதற்கான பதில் பெரும்பாலும் பழைய கிடங்கு ஆளின் தலைக்குள் இருக்கும். அவர் லீவு போட்டால் சரக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. செங்கல்லால் கட்டியது, 3000 கலம் கொள்ளும் என்பார்கள். அங்கே மூன்றாவது கேள்விக்கு இடமில்லை, இருப்பது நெல் ஒன்றுதான். ஆயிரம் வகைச் சரக்கு ஒரே கூரையின் கீழ் வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது.

1962-ல் ஜெர்மனியில் பெர்ட்டல்ஸ்மான் என்ற பதிப்பகத்துக்காக டெமாக் நிறுவனம் சுமார் 20 மீட்டர் உயர அடுக்குக் கிடங்கைக் கட்டியது. 1974-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கடையொன்றில் யுபிசி வகைப் பார்கோடு முதன்முதலாகப் பயனுக்கு வந்தது. 2003-ல் தொடங்கிய கிவா நிறுவனம், ஆள் சரக்கைத் தேடிப் போவதற்குப் பதில் அலமாரியே ஆளிடம் வரும்படி ரோபோ செய்தது. 2012-ல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. நம் நாட்டிலும் பிலானியில் படித்த இளைஞர்கள் 2011-ல் கிரேஆரஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

ஆனால் இங்கே வேகம் கொடுத்தது ரோபோ அல்ல, வரி. மத்திய விற்பனை வரிக்குப் பயந்து கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சிறு குடோன் வைத்திருந்தன. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் பலவற்றைச் சேர்த்து ஒரே பெரிய கிடங்காக ஆக்குவது லாபமானது. பெரிய கிடங்கில்தான் இயந்திரச் செலவு கட்டுபடியாகும்.

இனி அந்த இன்ஜினியரின் வேலை. ஒரு நாளில் எத்தனை ஆர்டர், எந்தச் சரக்கு அதிகம் நகர்கிறது என்று முதலில் கணக்கெடுப்பார். பிறகு வரைபடம், தரையின் மட்டம், கன்வேயர், மென்பொருள், சோதனை ஓட்டம். கடைசியில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து. பாதி வேலை இரும்பு, பாதி வேலை பதிவேடு. பதிவேட்டில் பிழை இருந்தால் ரோபோ அந்தப் பிழையை இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

மூட்டை தூக்கி முதுகு தேய்ந்தவர்களுக்கு இது விடுதலை. அதே சமயம் சிலருக்கு வேலை போவதும் உண்மை. இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: வரைபடம் போடுமுன் அந்தப் பழைய கிடங்கு ஆளோடு ஒரு வாரம் நடங்கள். நீங்கள் கணினிக்குச் சொல்லித் தரப்போவது அவருடைய ஞாபகத்தைத்தான். அவருக்கு அங்கே ஒரு நாற்காலி மிச்சம் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.