நட்சத்திரம் முதலில் லாரியில்தான் வந்தது

சென்ற வாரம் கும்பகோணத்தில், ராமன் அண்ட் ராமன் பஸ்கள் 1972-ல் அரசுடைமையாகி சோழன் போக்குவரத்துக் கழகமாக மாறிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த பஸ்களையே ஓரம்கட்டச் சொல்லி ஹாரன் அடித்த பெரிய வீட்டு வண்டிகளைப் பற்றி எழுதும்படி சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். குறிப்பாக, 'தஞ்சாவூர்ப் பக்கம் பென்ஸ் எப்போது வந்தது?' என்ற கேள்வி.

ஜெர்மன்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையேறினார். பிறகு வந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார் இளவரசர் சரபோஜிக்கே ஆசான். அவர்கள் ஊர் மனிதர்களும் அச்சு எழுத்துகளும் வந்த வேகத்தில் அவர்கள் ஊர்க் கார் வரவில்லை. மிராசுதார் வீட்டு வாசலில் நின்ற 'பிளஷர்' பெரும்பாலும் அமெரிக்க வண்டி. காரணம் எளிது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் உதிரி பாகங்களை இறக்கி செவ்ரோலே காரைப் பூட்டத் தொடங்கிவிட்டது. ஆற்றங்கரைச் சாலைக்கும், மதகுக்கு மதகு தூக்கிப் போடும் பாலத்துக்கும் உயரமான அமெரிக்க வண்டிதான் தோது.

சுதந்திரத்துக்குப் பின் கதை மாறியது. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் மூட்டை கட்டின. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டது. தூதரகக்காரர்கள் ஓட்டிக் கழித்த வண்டிகளை அரசு வணிகக் கழகம் ஏலம் விடும். அதில் சினிமாக்காரர்களோடும் மில் முதலாளிகளோடும் போட்டி போட்டு எடுக்க வேண்டும். நம் பண்ணையார்களுக்கு அந்த நேரம் வேறு கவலை. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1961-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் அதுவும் 15 ஆனது. பென்ஸ் வாங்கும் வசதி இருந்த தலைமுறைக்கு பென்ஸ் கிடைக்கவில்லை. கிடைக்கத் தொடங்கியபோது அந்தத் தலைமுறை இல்லை.

ஆனால் மூன்று முனை நட்சத்திரம் மட்டும் எப்போதோ வந்துவிட்டது. 1954-ல் டாடாவின் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸோடு 15 வருட ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. நம் ஊர் அரிசி ஆலை வாசலில் நெல் மூட்டை இறக்கிய 'பென்ஸ் லாரி' அதுதான். முகப்பில் இருந்த நட்சத்திரம் 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் இறங்கியது. பெயர் இறங்கவில்லை, பழைய டிரைவர்கள் பல காலம் 'பென்ஸு' என்றுதான் சொன்னார்கள்.

டெல்டாவின் டிரைவர்களில் ஒரு தலைமுறையே அந்த லாரியில்தான் கை பழகியது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர் போடும் 'டபுள் கிளட்ச்' தெரியாதவன் டிரைவரே இல்லை. லாரியை விட்டு முதலாளி வீட்டு அம்பாசடரில் ஏறினால் ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் ராடு. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, அவசரப்பட்டால் பல் கடிக்கும். பின்சீட்டில் இருப்பவருக்குக் கியர் விழுவது தெரியக் கூடாது என்பதுதான் நல்ல டிரைவருக்கு இலக்கணம். சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிக் காயப்போட்டிருக்கும் மாதங்களில், இரண்டாம் கியரில் உறுமாமல் ஊர்ந்துபோவது தனி வித்தை.

இன்னொரு பக்கவழியும் உண்டு. 'டெம்போ' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மூன்று சக்கர வண்டி செய்த கம்பெனியின் வணிகப் பெயர். 1958-ல் அவர்களிடம் உரிமம் வாங்கித்தான் இங்கே பஜாஜ் டெம்போ தொடங்கியது. பின்னாளில் அதே நிறுவனம் மெட்டடார், டிராவலர் வேன்களுக்கு பென்ஸின் ஓ.எம். 616 டீசல் என்ஜினை இங்கேயே செய்தது. ஜெர்மனியில் 240 டி காருக்குள் இருந்த அதே என்ஜின் குடும்பம்! அங்கே டாக்சிக்காரர்களின் செல்லப்பிள்ளை. நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்க இருபது விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஆனால் சாகாது. இங்கே கல்யாண வேனிலும் ஜீப்பிலும் அது உழைத்தது. பென்ஸ் காரையே பார்த்திராத பட்டறைப் பையன்கூட பென்ஸ் என்ஜினைப் பிரித்துக் கோத்திருப்பான் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது 1995-க்கு வருவோம். அந்த ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு. அதே ஆண்டில், புனேயில் டெல்கோவும் பென்ஸும் கூட்டாகத் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து முதல் இந்திய பென்ஸ் கார்கள் வெளிவந்தன. கம்பெனி வழக்கில் டபிள்யூ 124. விற்பனைப் பெயர் இ 220, இ 250 டி. அதே ஆண்டின் கடைசியில் காவிரியில் தண்ணீர் இல்லாமல் சம்பா கருகி, நடுவர் மன்றம் 11 டி.எம்.சி. என்று சொல்லி, பிரதமர் நரசிம்ம ராவ் 6 டி.எம்.சி.யில் கொண்டுவந்து நிறுத்தினார். எனவே டெல்டா விவசாயி யாரும் அந்த வருடம் பென்ஸ் ஷோரூமுக்கு ஓடியிருப்பார் என்று கற்பனை செய்ய வேண்டாம்.

வாங்கியவர்களுக்கும் மனக்குறை இருந்தது. ஜெர்மனியில் அந்த மாடல் அதே ஆண்டு விடைபெற்று, புதிய இ-கிளாஸ் வந்துவிட்டது. 'அங்கே கழித்துக் கட்டியதை நம் தலையில் கட்டுகிறார்கள்' என்ற பேச்சு எழுந்தது. அத்தனை விலை கொடுத்து ஏறி உட்கார்ந்தால், ஐந்து கியரும் கையால்தான் போட வேண்டும்! ஆட்டோமேட்டிக் இல்லாத பென்ஸா என்று கேலியும் நடந்தது.

என்னைக் கேட்டால், அந்தக் கியர் ராடு சரியான முடிவு. வண்டியின் சொந்தக்காரர் உட்காருவது பின்சீட்டில். ஓட்டுகிறவர் லாரியில் கை பழகியவர். ஆட்டோமேட்டிக் பெட்டி மக்கர் செய்தால் அன்றைக்குத் தஞ்சாவூரில் மட்டுமல்ல, திருச்சியிலும் அதைத் திறந்து பார்க்க ஆள் தேடியிருக்க வேண்டும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றத் தெரியாத மெக்கானிக் எந்த ஊரில் இருந்தார்? அந்த வண்டிக்கு வைப்பர்கூட ஒன்றுதான். ஒற்றைக் கை, மூலைக்கு வரும்போது எட்டித் தாவி, கண்ணாடியின் 86 சதவீதத்தைத் துடைக்கும். ஐப்பசி அடைமழையில் இரண்டு வைப்பர் வைத்த வண்டிகளே திணறுகிற ஊரில் அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே வண்டி பெரிதாக ஆக, கியர் ராடு மறைந்துகொண்டே வந்தது. 1951-ல் வந்த பென்ஸ் 300, மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடேனாவர் பயன்படுத்தியதால் அவர் பெயராலேயே அறியப்பட்ட கார், நான்கு கியர் மேனுவலாகத்தான் பிறந்தது. 1963-ன் பென்ஸ் 600-க்கு மேனுவல் என்ற பேச்சே இல்லை. 80-களின் எஸ்-கிளாஸில் 280 எஸ்.இ. போன்றவற்றுக்குக் கேட்டால் கொடுத்தார்கள். 500 என்றால் ஆட்டோமேட்டிக் மட்டும். பி.எம்.டபிள்யூ.விலும் 735-ஐ-க்கு மேனுவல் உண்டு, பன்னிரண்டு சிலிண்டர் 750-க்குக் கிடையாது. பணம் இருந்தும் 'எனக்குக் கியர்தான் வேண்டும்' என்று அடம்பிடித்தவர்கள் கொஞ்சம் பேர். அதனால்தான் அப்படிப்பட்ட பெரிய வண்டிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். நம் ஊரில் குறையாகச் சொன்னது அங்கே அபூர்வம்.

இங்கே அந்த இ 220-கள் பல கை மாறிவிட்டன. முதல் 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். பழைய வண்டி என்று சட்டம் சலுகை காட்டுவது, 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது கடந்த வண்டிக்குத்தான். 1995-ல் பதிவான பென்ஸ் அந்தப் பட்டியலில் சேர 2045 ஆகும்.

(தொடரும்)