சைபீரியக் குளிரும் ஷா ஆலம் மழையும்: பருவமழை முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

டிசம்பர் பிறந்தால் லண்டனிலும் டொரோன்டோவிலும் இருக்கும் உறவினர்கள், பனி கொட்டிக் கிடக்கும் வாசலைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பி வைப்பார்கள். அதே நாட்களில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருப்பவர்கள் இரவில் எழுந்து டார்ச் விளக்குடன் கால்வாயை எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே பனி, இங்கே மழை என்று இரண்டையும் தனித்தனியாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நம் மழையின் தொடக்கமும் ஒரு பனிக்காலத்தில்தான் இருக்கிறது. அது ஆசியாவின் வடக்கே உள்ள சைபீரியாவின் பனிக்காலம்.

நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சைபீரியா, மங்கோலியா பகுதிகளில் கடும் குளிர்காற்று தேங்குகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தேக்கம் அளவை மீறும்போது அது தெற்கே பாய்கிறது. வட சீனாவில் அது பனிப்பொழிவு. தென் சீனாவில் சில ஆண்டுகளில் அது உறைமழையாகவும் மாறுகிறது. மேலே சற்று வெப்பமான காற்றில் நீராகவே இறங்கும் துளி, தரையை ஒட்டிய குளிர்காற்றுக்குள் நுழைந்ததும் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போய்விடும். ஆனாலும் உடனே உறையாது. மரக்கிளையிலோ மின்கம்பியிலோ பட்ட கணத்தில்தான் கண்ணாடிபோல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். 2008 ஜனவரி, பிப்ரவரியில் ஹூனான், குய்சோ மாநிலங்களில் அப்படி ஒட்டிய பனிக்கட்டியின் கனம் தாங்காமல் மின்கோபுரங்கள் சாய்ந்தன. சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பக் கிளம்பிய பல லட்சம் பேர் குவாங்சோ ரயில் நிலையத்தில் தவித்து நின்றனர்.

இப்படிப் பாயும் குளிர்காற்று தென் சீனக் கடலுக்கு மேலே வந்ததும் கதை மாறுகிறது. வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு, சில நாட்களில் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் வந்து மோதுகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் மலாய் அறிக்கைகளில் வரும் ‘லுருவான் மொன்சூன்’ என்பது இந்தக் காற்றின் எழுச்சியைத்தான் குறிக்கிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகிய இடங்களுக்குச் சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை தர முடிவதற்கும் இதுவே காரணம். காற்று வடக்கிலிருந்து கிளம்புவதை முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

நம் நாட்டில் பனி விழுவதில்லை. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான் இதுவரை பேசப்படும் மிகக் குறைந்த வெப்பநிலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் எப்போதாவது கூரையில் படபடவென விழும் வெள்ளைக் கட்டிகள் ஆலங்கட்டி. அது இடிமேகத்தின் உச்சியில் உருவாவது. பனியோடு அதைச் சேர்த்துப் பேச வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘விண்டரிங்’ என்ற சொல் பழக்கம். ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்ப்பதற்கு வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் அது. நம் மண்ணில் குளிர்காலம் பெயரளவில் வந்து போனது அங்கே மட்டும்தான்.

மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நம்பிக்கையும் உண்டு. தித்திவங்சா மலைத்தொடர் காற்றைத் தடுத்துவிடும், டிசம்பர் மழை கிழக்குக் கரையின் பாடு என்பது அது. பெரும்பாலான ஆண்டுகளில் இது சரியாகவே இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிக மழை பெய்வது பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும்தான். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கொண்டுவந்த கணக்கும் ஏறக்குறைய இதற்குப் பொருந்திப்போவதால், மார்கழி பிறந்ததும் மழை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் கோலாலம்பூரை மூழ்கடித்த 1971 வெள்ளம் வந்தது ஜனவரியில். ஷா ஆலமை மூழ்கடித்த வெள்ளம் வந்தது டிசம்பரில். இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தவை.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. தென் சீனக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று கிழக்குக் கரையில் ஏறி, தீபகற்பத்தைக் கடந்து மேற்கே வந்தது. முதல் நாள் தொடங்கிய மழை விடவே இல்லை. கோலாலம்பூரின் சராசரி ஆண்டு மழை சுமார் 2,400 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு 200. ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகம் ஒரே நாளில் பெய்துவிட்டதாக அரசாங்கம் அப்போது கூறியது. மில்லிமீட்டர் என்றால் பலருக்குச் சின்ன அளவாகத் தெரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். 20க்கு 70 அடி வரிசை வீட்டு மனை ஏறக்குறைய 130 சதுர மீட்டர். 200 மில்லிமீட்டர் பெய்தால் அந்த ஒரு மனையில் மட்டும் 26,000 லிட்டர் விழுகிறது. தெரு முழுவதையும், ஆற்றின் மேற்பகுதி முழுவதையும் இதே கணக்கில் பெருக்கிப் பார்க்கலாம்.

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பகுதிகளில் விழும் தண்ணீரின் பெரும்பகுதி கிள்ளான் ஆற்றில் சேர்ந்து, ஷா ஆலமைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்த வாரம் மார்கழிப் பௌர்ணமி. முழுநிலவு நாட்களில் கிள்ளான் கடலோரத்தில் ஏற்றம் அதிகம். கடல் ஏறி நிற்கும்போது ஆறு வடிவதற்கு நேரம் பிடிக்கும். தாழ்வான இடத்தில் உள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். முதலில் வந்த படகுகளில் பல தன்னார்வலர்களுடையவை. பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் இரவும் பகலுமாகச் சமைத்து உணவுப் பொட்டலங்கள் அனுப்பப்பட்டன. மீட்புப் பணியில் குறைகள் இருந்ததை அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியே ஒப்புக்கொண்டார். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது.

நிறங்கள் சொல்வதும் சொல்லாததும்

மெட்மலேசியா இரண்டு வகை மழை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. குடும்பப் புலனக் குழுக்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து பரவுவதால்தான் குழப்பம்.

முதலாவது இடியுடன் கூடிய மழைக்கானது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாக நீடிக்கும் அறிகுறி தெரிந்தால் இது வரும். ஒவ்வொரு அறிவிப்பும் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கே செல்லும். காலையில் வந்ததை இரவில் பகிர்வதில் பயனில்லை.

இரண்டாவது தொடர்மழைக்கானது. நிறங்கள் இதற்குத்தான். மஞ்சள் என்றால் ‘வஸ்பாடா’, விழிப்பாக இருங்கள். ஆரஞ்சு ‘புரோக்’, நிலைமை மோசம். சிவப்பு ‘பஹாயா’, அபாயம். 2021இல் வந்ததைப் போன்ற மழைக்கு உரியது இந்த வகை. மஞ்சள் வந்தாலே கார் வாகனப் பத்திரங்கள், அடையாள அட்டை, மருந்து, குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு நெகிழிப் பையில் எடுத்து வைத்துவிடுவது நல்லது. சிவப்பு வந்த பிறகு தேடினால் நேரம் இருக்காது.

ஆனால் இந்த நிறங்கள் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் உரியவை. ஒரு மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்றால் ஸ்ரீ மூடாவின் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று அது சொல்லாது. வானம் மெட்மலேசியாவின் பொறுப்பு. ஆறு நீர்ப்பாசன, வடிகால் துறையின் பொறுப்பு. அத்துறையின் ‘பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்’ இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆற்று நிலையத்தின் நீர்மட்டமும் இயல்பு, வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு படிகளில் வருகிறது. ‘வஸ்பாடா’ என்ற ஒரே சொல் இரண்டு பட்டியலிலும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று வரப்போகும் மழையைப் பற்றியது, மற்றது ஏற்கெனவே ஏறிவிட்ட ஆற்றைப் பற்றியது. உங்கள் தெருவில் மழை விட்டிருந்தாலும் மேல்பகுதி நிலையங்களில் நீர் ஏறிக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

இவற்றோடு மூன்றாவதாகக் கடல் ஏற்ற அட்டவணையையும் பார்த்துக்கொள்வது கிள்ளான், ஷா ஆலம் வாசிகளுக்கு அவசியம். வீட்டில் தமிழ் நாள்காட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் தொடர்மழை எச்சரிக்கை வந்தால் அதைச் சற்று கூடுதலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருப்பதாலேயே வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைத்துவிடாது. இயற்கைப் பேரிடர்களுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2021இல் பலர் இதைத் தண்ணீர் வடிந்த பிறகே தெரிந்துகொண்டார்கள். சாலை வரி புதுப்பிக்கும் நாளில் முகவரிடம் கேட்டால் சேர்த்துக் கொடுப்பார்.

தண்ணீர் வீட்டுக்குள் வரத் தொடங்கினால் முதலில் மின்சாரத்தின் முதன்மை விசையை அணைக்க வேண்டும். பிறகு 999. நிவாரண மையத்துக்குப் போகச் சொன்னால், பொருள்களைக் காவல் காக்க ஒருவர் மட்டும் பின்தங்குவது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அப்படித் தங்குபவர் வீட்டிலேயே வயதில் மூத்தவராக இருப்பார். அவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.