சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்த பழமொழியின் உண்மையை, கேக் செய்வதற்கு வேண்டிய வனிலாவையும் கோகோவையும் அயல்நாட்டிலிருந்து தபாலில் தருவிக்கும் இக்காலத்து இல்லத்தரசி, விலைச்சீட்டில் கண்ட தொகைக்கு மேல் சுங்கமும் கூரியர்காரரின் கட்டணமும் சேர்ந்து வாசலில் வந்து நிற்கும் வேளையில் நன்றாக உணர்கிறாள். இந்த மனவருத்தம் நேற்றுப் பிறந்ததன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனைக் கணக்கிட்டு, யாவரும் காணுமாறு எழுதி வைத்த நகரம் ஒன்று உண்டு. ஜெர்மனி தேசத்து நியூரம்பெர்க் அது.

அந்நகரத்தின் கீர்த்தி ‘லெப்கூகன்’ என்னும் பணியாரத்தைச் சார்ந்தது. தேனில் பிசைந்த மாவோடு இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், சாதிக்காய், சுக்கு ஆகியவற்றின் பொடியைக் கலந்து, சில சமயங்களில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, மரத்தில் செதுக்கிய அச்சில் அழுத்தியோ, தேவாலயத்தில் வழங்கும் அப்பத்தைப் போன்ற மெல்லிய தகட்டின்மேல் பரப்பியோ சுட்டெடுப்பார்கள். 1487-ஆம் ஆண்டு, மூன்றாம் பிரடெரிக் சக்கரவர்த்தி தம் உருவம் பதித்த லெப்கூகன்களை ஏறத்தாழ 4000 குழந்தைகளுக்கு வழங்கினார் என்பது அவ்வூரார் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் சம்பவம்.

இப்பணியாரத்தின் சரக்குகளில் ஒரு பாதி வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்தது என்று சொல்லலாம். நகரைச் சூழ்ந்த அரசவனத்தில் தேனெடுப்பதையே குலத்தொழிலாகக் கொண்டவர்களுக்கு நான்காம் சார்லஸ் மன்னர் 1350-இல் விசேஷ உரிமைகளை அளித்திருந்தார். மாவை உப்பச் செய்யும் சாம்பலுப்பும் விறகுச் சாம்பலிலிருந்து எடுத்ததே. மற்ற பாதியோ மலபார்க் கரையிலிருந்தும், இலங்கையின் பட்டைக் காடுகளிலிருந்தும், அதற்கும் அப்பால் மொலுக்காஸ் தீவுகளிலிருந்தும், பல கடல்களையும் பல அரசர்களின் எல்லைகளையும் கடந்து வர வேண்டியிருந்தது.

கடைசி எல்லைகளை மட்டும் பார்ப்போம். வெனிஸ் நகருக்குச் சென்ற ஜெர்மானிய வணிகன், தன் இஷ்டம்போல் சத்திரத்தில் தங்கவோ, தன் இஷ்டம்போல் சரக்கு வாங்கவோ இயலாது. கால்வாய்க் கரையில் ஜெர்மானியருக்கென்று வெனிஸ் அரசு கட்டி வைத்திருந்த பண்டகசாலையிலேயே அவன் தங்க வேண்டும். அரசு நியமித்த தரகர் மூலமாகவே பேரம் பேச வேண்டும். அதிகாரிகளின் முன்னிலையில் நிறுத்து, தரகும் தீர்வையும் செலுத்த வேண்டும். பிறகு ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாய். அவ்வழியிலுள்ள மிட்டன்வால்ட் போன்ற ஊர்களில் உள்ளூர் வண்டிக்காரருக்கே பாரம் ஏற்றும் உரிமை இருந்தமையால், வந்த மூட்டைகளை இறக்கி, கிடங்கில் வைத்து, அதற்கும் கட்டணம் கொடுத்து, அடுத்த கட்டத்திற்கு வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். இத்தனையும் கடந்து நியூரம்பெர்க் சேர்ந்தால், கலப்படம் உண்டா என்று சோதிக்கும் பரிசோதகர்கள் காத்திருப்பார்கள். இந்தச் சோதனை வெறும் சடங்கன்று; குங்குமப்பூவில் கலப்படம் செய்த ஒருவனை 1444-இல் அவனுடைய சரக்கோடு சேர்த்து எரித்தார்கள் என்றால், அதன் கடுமை விளங்கும்.

நியூரம்பெர்க் வணிகர் இத்தொல்லைகளை அறியாதவரல்லர். 1332-இல் ஜெர்மானிய மன்னர் லூயியிடமிருந்து ஏறத்தாழ 70 ஊர்களில் சுங்கவிலக்குப் பெற்றுக் கொண்ட சமர்த்தர்கள் அவர்கள். ஆயினும் சாசனம் எழுதிக்கொடுத்த மன்னனுடைய கை ஜெர்மனிக்குள் நீண்டதே தவிர, ஏடனுக்கும் கெய்ரோவுக்கும் எட்டவில்லை.

அந்தத் தூரத்துச் செலவை எழுதி வைத்தவர் மார்ட்டின் பெஹைம். அந்நகரிலே பிறந்து போர்த்துகல் நாட்டில் வாழ்ந்த அவர், நகரசபையின் விருப்பப்படி 1492-இல் உருவாக்குவித்த பூகோள உருண்டை இன்றும் நியூரம்பெர்க் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான குறுக்களவுள்ள அவ்வுருண்டையில், கிழக்குக் கடலின் ஓரமாக நீண்டதொரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. வாசனைச் சரக்குகள் தீவுக்குத் தீவு விற்கப்பட்டு, இலங்கையில் இறங்கி, ஏடன், கெய்ரோ, வெனிஸ் வழியாக ஜெர்மானியர் கைக்கு வந்து, சில்லறைக் கடைக்காரனைக் கடந்து உபயோகிப்பவனைச் சேரும் வரையில் பன்னிரண்டு கைகள் மாறுவதையும், ஒவ்வொரு முறையும் பத்து ராத்தலுக்கு ஒரு ராத்தல் வீதம் சுங்கம் எடுபடுவதையும் அது வரிசையாகச் சொல்கிறது. இவ்வளவுக்குப் பின் அவை பொன்னுக்கு நிகரான விலை பெறுவதில் வியப்பென்ன என்பதே அதன் முடிவு.

பத்தில் ஒன்றைப் பன்னிரண்டு தடவை கழித்துப் பார்த்தால், புறப்பட்ட 100 ராத்தலில் 28 ராத்தலே எஞ்சும். ஒவ்வொருவனும் தான் எடுத்தது ஒரு பங்குதானே என்று நினைத்திருப்பான். அவன் நினைத்ததும் நியாயமே. வழிக்காவல், கிடங்கு, தராசு என்று ஏதோவொரு காரணம் ஒவ்வொரு கைக்கும் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிச் சுமந்தவன், வரிசையின் கடைசியில் நின்றவன் ஒருவனே.

1498-இல் வாஸ்கோ ட காமா போர்த்துகலிலிருந்து கடல்வழியாகவே கள்ளிக்கோட்டையை அடைந்ததும், பன்னிரண்டு கைகள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும் என்று வணிகர் மகிழ்ந்தார்கள். நியூரம்பெர்க்கின் இம்ஹோஃப், ஹிர்ஷ்வோகல் குடும்பங்கள் 1505-இல் இந்தியா சென்ற போர்த்துகேசியக் கப்பல்களில் முதலும் போட்டன. ஆனால் மிளகு லிஸ்பனை அடைந்தபோது, விலையை விதிக்கும் அதிகாரத்தை அரசனே எடுத்துக்கொண்டிருந்தமையால், தங்கள் சரக்குக்காகவே அவர்கள் வழக்காட நேர்ந்தது. கைகள் குறைந்தன, ஆனால் எஞ்சிய கை பெரிதாயிற்று.

லெப்கூகன் தொழிலாளர் 1643-இல் தனிச்சங்கம் கண்டனர்; இன்றுவரை அப்பணியாரம் அழியாமல் வந்திருக்கிறது. அதன் மணத்தை நுகரும்போது எனக்குப் பெஹைமின் குறிப்பே நினைவுக்கு வருகிறது. அதோடு ஒரு குறையும் தோன்றுகிறது. சரக்கை வாங்கி விற்றவர்களையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிய அந்தக் கணக்கு, கொடி படர்ந்த மரத்தில் ஏறி மிளகு பறித்தவனுக்கும், கிளையைச் சீவிப் பட்டை உரித்தவனுக்கும் ஓர் எண் கொடுக்கவில்லை. வாசலில் நின்று கூரியர்காரருக்குக் காசு எண்ணும் நாமும், சுமைகூலியைக் கணக்கிட்டு வருந்துவதோடு நின்றுவிடாமல், சுண்டைக்காய் பறித்தவனுக்கு அந்தக் கால் பணமாவது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.